சனிக்கிழமைக் கோழி

விமானத்தின் போர்டிங் பாஸ் மூன்றும் என் கைப்பையில் இருக்கின்றன. ஓட்டல் ரசீது இருக்கிறது. என் மகள் காவ்யாவின் பத்தாவது பிறந்தநாள் கேக்கோடு நாங்கள் மூவரும் எடுத்துக்கொண்ட படம் என் செல்பேசியில் இருக்கிறது. நாங்கள் போனதற்கு இத்தனை சாட்சி. அங்கே நடந்ததற்கு ஒரே ஒரு சாட்சிதான். அது ஒரு ஸ்டீல் டப்பா. எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பேய் இருட்டில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது மதியம் மூன்று பத்துக்கு. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் நிறைய வெயில்.

என் பெயர் அனுசுயா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. பிசிறு, குமிழி, வெடிப்பு என்று ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவேன். மனிதர்களையும் அப்படித்தான் ஒதுக்குகிறேன் என்பதை இது நடந்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். ஆவடி குவார்ட்டர்ஸில் பினாயில் வாசனையில் வளர்ந்தவள். கல்யாணமாகி நூம்பலுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் மாமியார் கையால் பிசைந்த சோற்றை ஒருமுறைகூட நான் சாப்பிட்டதில்லை. யாருக்கும் தெரியாமல் தட்டை நகர்த்தத் தெரியும். முகத்தில் எதுவும் தெரியாது. அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பக்கத்துப் போர்ஷனில் வேம்புலி அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயது, தனி ஆள். சர்க்கரை வியாதியில் இடது பாதத்தில் புண். பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பார். கட்டுக்கு மேலே மஞ்சளாக ஊறியிருக்கும். அவர் நடந்தால் நல்ல கால் ஊன்றுகிற சத்தம் முதலில் வரும், பிறகு கட்டுப் போட்ட கால் இழுபடுகிற சத்தம். தப்... சர்ர்ர். தப்... சர்ர்ர். அது எங்கள் வாசலை நெருங்கும்போதே நான் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

காவ்யாவுக்கு அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் ஓடுவாள். வேம்பத்தை, வேம்பத்தை என்று அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காருவாள். அவள் வீடு திரும்பியதும் நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன்.

பிறந்தநாளுக்குப் பினாங்குக்குப் போவதாக முடிவானது. மூன்று நாள். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் காவ்யா.

"காவ்யா கண்ணு, ஏரோபிளேன்ல என்னியும் கூட்டிகினு போறியா?" என்றார் வேம்புலி அக்கா.

"உங்களுக்கு டிக்கெட் இல்லையே அத்தை."

"எனுக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு? உன் மடியில குந்திகினு வரேன்."

எல்லோரும் சிரித்தோம். நான் அந்தக் காலையும் என் மகள் மடியையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். குமட்டியது. சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு இன்னொன்று நடந்தது. சின்ன விஷயம். அன்று மாலை துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். வேம்புலி அக்கா படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்.

"அனு, இந்தக் கட்டக் கொஞ்சம் அவுத்து உடேன். முடிச்சு கெட்டியா உழுந்துச்சு. குனிய முடியல."

"குக்கர் வெச்சிருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். எங்கள் சமையலறை ஜன்னல் அந்தப் படியைப் பார்த்துத்தான் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். சனிக்கிழமை விடியற்காலை வேம்புலி அக்கா இறந்துபோனார். முந்தின நாளே உடம்பு சரியில்லை என்று பாடி ஊரிலிருந்து அவருடைய அண்ணன் எத்திராஜ் வந்து கூட இருந்தார். நாலு பத்துக்கு உயிர் போனது என்று அவர்தான் வாசலில் நின்று சொன்னார். பிறகு என் கணவர் டில்லிபாபுவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சனிப் பொணம் தனியா போவாது, டில்லி. ஒரு கோழி வாங்கியாந்துரு நைனா. ஊட்ல கொயந்த இருக்கிற தெரு."

சனிக்கிழமை செத்தவர் துணைக்கு ஓர் உயிரைத் தேடுவார் என்பார்கள். அதனால் உயிருள்ள கோழி ஒன்றைப் பாடையில் கட்டி அனுப்புவார்கள். அதுதான் துணை. அதை இடுகாட்டிலேயே விட்டுவிட வேண்டும். வீடு திரும்பக் கூடாது. நான் இதையெல்லாம் நம்பாதவள். ஆனால் அவர் "கொயந்த" என்று சொன்னபோது என் கை தானாகக் காவ்யாவின் தோளைப் பிடித்தது.

டில்லி கோழி வாங்கி வந்தார். பறை அடித்து, பொரியும் சாமந்திப்பூவும் இறைத்துக்கொண்டு ஒரு மணிக்கு எடுத்துப் போனார்கள். கோழியைப் பாடைக் காலில் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. எத்திராஜ் உள்ளே போய் வேம்புலி அக்காவின் கட்டுத் துணியிலிருந்து ஒரு பட்டை கிழித்து வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிணம் எடுக்கும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. எடுத்து, வாசல் கழுவி, வீட்டிலிருந்தவர்கள் குளித்த பிறகு என் மாமியார் நாகவல்லி பிடிவாதம் பிடித்தார்.

"அந்த ஊர்ல பாம்பு பல்லியெல்லாம் துன்றானுங்களாம். கொயந்த இன்னா துன்னும்? நாட்டுக்கோழித் தொக்கு செஞ்சு தரேன். மூணு நாளிக்குத் தாங்கும். டில்லியாண்ட கோழி சொன்னனே, இன்னும் ஆளக் காணோமே."

டில்லி இடுகாட்டிலிருந்து மூன்றரை மணிக்கு ஒரு கோழியோடு திரும்பினார். உயிரோடு. காலைப் பிடித்துத் தலைகீழாக. கடையில் வாங்கினால் உரித்துத்தானே தருவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மாமியார் அறுத்தார். வெந்நீரில் முக்கி மயிர் பிடுங்கியது நான். நனைந்த இறகின் அந்த நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பிடுங்கினேன். இறகுக்குள் ஒரு பொரி ஒட்டியிருந்தது. ஒரு சாமந்தி இதழ். வலது காலில் ஒரு துணிப்பட்டை, மஞ்சளாக, ஈரமாக.

நான் கேட்கவில்லை.

இதை எழுதுவதற்குத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பேயைப் பற்றி எழுதுவது சுலபம். கேட்டிருந்தால் டில்லி மழுப்புவார், மாமியார் கத்துவார், வீடு இரண்டுபடும், காலையில் கிளம்ப வேண்டும். துணிப்பட்டையைக் கத்தி நுனியால் அறுத்து, இறகுகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். நான் சாப்பிடப் போவதில்லை, அது போதும் என்று நினைத்தேன். என்னை மட்டும் ஒதுக்கிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பழக்கம்.

தொக்கு ஒரு ஸ்டீல் டப்பாவில் அடைக்கப்பட்டு, துண்டில் சுற்றப்பட்டு, பெட்டிக்குள் போனது.

விமானம் பத்தரைக்குக் கிளம்பியது. காவ்யாவுக்கு ஜன்னல் சீட்டு. நடுவில் நான். மேகத்தைப் பார்த்துக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். முட்டிகளை ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பதினொன்று ஐம்பதுக்கு என்னைத் தொட்டாள்.

"அம்மா, கால் மரத்துப் போச்சு."

"நீட்டி உட்காரு."

"முடியலம்மா. மடி கனமா இருக்கு."

அவள் மடியில் எதுவும் இல்லை. ஆனால் தொடை மேல் ஃப்ராக் அழுந்திக் கிடந்தது, யாரோ உட்கார்ந்தது போல. ஓரத்தில் ஒரு ஈரம். டிஷ்யூ பேப்பரால் துடைத்தேன். பேப்பர் மஞ்சளானது. ஜூஸ் கொட்டியிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் ஜூஸ் கேட்கவே இல்லை.

பேப்பரை மடித்து முன் சீட்டுப் பைக்குள் திணித்தேன். கையை மூன்று முறை கழுவினேன். வாடை போகவில்லை.

ஓட்டல் அறை ஏழாவது மாடியில். தூரத்தில் கடல் தெரிந்தது. அந்த ஊர் நேரப்படி மாலை ஏழு நாற்பதுக்கு டில்லி பெட்டியைத் திறக்க உட்கார்ந்தார். நான் கட்டிலில் இருந்தேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

கர்க்... கர்க்.

கோழி மண்ணைக் கீறுகிற சத்தம்.

"ஜிப்பு சிக்கிகினு கீது" என்றார் டில்லி.

அவர் ஜிப்பில் இன்னும் கை வைக்கவே இல்லை.

கீழே கடையில் வாங்கிய சோற்றில் தொக்கைப் போட்டுக் காவ்யாவுக்குப் பிசைந்து கொடுத்தார். அவரும் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டார். காவ்யா மூன்றாவது வாயில் நிறுத்தி, நாக்கை நீட்டினாள். நாக்கின் மேல் ஒரு இறகு. முழு இறகு. பழுப்பில் வெள்ளைப் புள்ளி. குழம்பு ஒட்டாமல், காய்ந்து, சுத்தமாக.

இரண்டு விரலால் எடுத்தேன்.

"ஒயுங்கா மயிரு புடுங்கத் தெரியல உனுக்கு" என்று சிரித்தார் டில்லி. "குவார்ட்டர்ஸ் பொண்ணு."

காவ்யா சிரிக்கவில்லை. தட்டில் ஒரு பிடி சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். அதைச் சாப்பிடவும் இல்லை, என்னைக் கொட்ட விடவும் இல்லை. காலையில் பார்த்தபோது தட்டின் அந்த ஓரம் துடைத்தது போல இருந்தது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. பிறந்தநாள். புது ஃப்ராக் போட்டுவிட்டேன். காலைச் சாப்பாடு முடித்து டில்லியும் காவ்யாவும் நீச்சல் குளத்தைப் பார்க்கப் போனார்கள். பதினொன்றேகாலுக்கு நடைபாதையில் ஒரு சத்தம். கிறீச்... கிறீச். அறை சுத்தம் செய்கிறவர்களின் தள்ளுவண்டி. ஒரு சக்கரம் எண்ணெய் இல்லாமல் அலறியது.

வந்தவர் தமிழ்ப் பெண். சட்டையில் கண்ணம்மா என்று பெயர் குத்தியிருந்தது. என்னை விடப் பத்து வயது பெரியவர் இருக்கலாம். நூம்பல் என்றதும் கண் விரிந்தது. தன் தாத்தாவும் செங்கல்பட்டுப் பக்கம்தான் என்றார். குளியலறையிலிருந்து அழுக்குத் துண்டுகளை எடுத்து வந்தவர் ஒன்றைத் தயங்கித் தயங்கிப் பிரித்துக் காட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்ககூட வந்த பெரியம்மாவுக்குக் கால்ல புண்ணு இல்ல? துண்டெல்லாம் கறையாயிடுச்சு. பழைய துண்டு தனியா கொண்டாந்து தரேன். அதைப் பாவிக்கச் சொல்லுங்க."

வெள்ளைத் துண்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

"நாங்க மூணு பேர்தான்" என்றேன்.

"காலையில வெளியில நின்னாங்களேம்மா. ஆறு நாப்பது இருக்கும். நான் அப்பதான் வேலைக்கு ஏறுனேன். சாவி இல்லைன்னு கதவுகிட்ட நின்னாங்க. புள்ள உள்ள இருக்குன்னாங்க. பாவமா இருந்திச்சு. நான்தான் என் கார்டைப் போட்டுத் தொறந்து விட்டேன்."

அவர் துண்டை மடித்து வண்டியில் போட்டார். கிறீச்... கிறீச்... அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

டில்லி வந்ததும் கேட்டேன். காவ்யா டிவி முன்னால் இருந்தாள். மெதுவாகத்தான் கேட்டேன்.

"அந்தக் கோழியை எங்க வாங்கினீங்க?"

"எந்தக் கோழி?"

"தொக்கு."

அவர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "குழியாண்ட உட்டா நாய்தான் துன்னும். நல்ல வெடக்கோழி. அம்மா வேற கோழி கோழின்னு உசுர வாங்கிச்சு. திருப்பியும் கடைக்குப் போவ டைம் எங்க கீது?" என்றார்.

"குழந்தை சாப்பிட்டிருக்கா."

"நானுந்தான் துன்னேன். இன்னா ஆயிப்போச்சு? உனுக்கு எதப் பாத்தாலும் அருவருப்பு, அனு. பொறந்தநாளும் அதுவுமா ஆரம்பிக்காத."

அவரைப் பார்த்தேன். குழம்பு காய்ந்த அவர் நகத்தைப் பார்த்தேன். அருவருப்பு வந்தது. அவர் மேலே வந்தது என்று அப்போது நினைத்தேன். துணிப்பட்டையை அறுத்த கத்தி என் கையில்தான் இருந்தது என்பது அதற்குப் பின்னால்தான் உறைத்தது.

இனி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். துணையாகப் போக வேண்டிய கோழி போகவில்லை. வேம்புலி அக்கா இன்னும் துணையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்த உலகத்தில் பிடித்த உயிர் ஒன்றுதான். அது டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

இரண்டரைக்குக் காவ்யா தூக்கம் வருகிறது என்றாள். பகலில் தூங்குகிற குழந்தையே இல்லை. இரண்டு ஐம்பதுக்கு டில்லி கேக் வாங்கப் போனார். நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று ஏழுக்குக் கண் எரிந்தது. முகம் கழுவ எழுந்தேன். இரண்டு நிமிஷம்தான்... கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

குழாயை மூடினேன்.

தப்... சர்ர்ர்.

அறை முழுக்க கார்ப்பெட். கார்ப்பெட்டில் தப் என்று சத்தம் வராது. எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில்தான் வரும்.

தப்... சர்ர்ர்.

கதவு மூடியிருந்தது. நான் மூடவில்லை. தள்ளினேன். உடனே திறந்தது.

மணி மூன்று பத்து.

அறையில் யாரும் இல்லை. வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. காவ்யா மல்லாந்து படுத்திருந்தாள். அவள் எப்போதும் சுருண்டு ஒருக்களித்துத்தான் தூங்குவாள். இப்போது நேராக. கைகள் இரண்டும் பக்கத்தில் நேராக. பாதங்கள் இரண்டும் சேர்ந்து...

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

துணிப்பட்டை. மஞ்சளாக. ஈரமாக.

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"காவ்யா."

அசையவில்லை. மூக்கில் கை வைத்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர ரொம்ப நேரம் ஆனது. விரல் நுனிகள் நீலமாக இருந்தன.

மண்டியிட்டேன். முடிச்சைப் பிடித்தேன். வழுக்கியது. சின்ன முடிச்சு. கல்லு மாதிரி. நகம் உள்ளே போகவில்லை. கத்தரிக்கோல் இல்லை. அந்த வாடை... அது கட்டிலிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மிக அருகில்.

கர்க்... என்று எங்கோ ஒரு கீறல்.

பிறகு குரல். கோபம் இல்லை. மிரட்டல் இல்லை. அன்று படியில் உட்கார்ந்து கேட்ட அதே குரல்.

"அவுத்து உடேன் அனு... முடிச்சு கெட்டியா உழுந்துச்சு... குனிய முடியல."

குக்கர் வெச்சிருக்கேன் என்று இந்த முறை சொல்ல முடியவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை.

குனிந்தேன்.

பல்லால் பிடித்தேன்.

சீழும் மஞ்சளும் உப்பும்... கொஞ்சம் இனிப்பு. இனிப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நாக்கில் பட்டது. தொண்டைக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். இழுத்தேன். விட்டுவிட்டு மூச்சு வாங்கினேன். மறுபடி கடித்தேன்.

காவ்யாவின் மூச்சு வரவில்லை.

கடித்தேன்.

அவிழ்ந்தது.

ஒரு பெரிய மூச்சு. அவள் சுருண்டு ஒருக்களித்தாள். "பசிக்குதும்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மூன்று பத்தொன்பது.

வாய்க்குள் துணி இல்லை. கையில் இல்லை. தரையில் இல்லை. குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட ரொட்டி வந்தது. அதன் மேல் ஒரு இறகு மிதந்தது. பழுப்பில் வெள்ளைப் புள்ளி. அந்தக் கோழியில் ஒரு துணுக்குக்கூட நான் சாப்பிடவில்லை.

வாயைக் கழுவிக்கொண்டு டப்பாவை எடுத்தேன். பாதிக்கு மேல் தொக்கு மிச்சம் இருந்தது. எங்கேயாவது கொட்ட வேண்டும், இந்த அறைக்கு வெளியே எங்கேயாவது. கதவைத் திறந்தேன். மூன்று நாற்பது. கிறீச்... கிறீச். கண்ணம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா அது? கோழிச் சம்பலா?"

"தொக்கு. கொட்டப் போறேன்."

"நாட்டுக்கோழியா?" மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஐயோ, கொட்டாதீங்கம்மா. ஊர் மசாலா வாசம். என் மக மைதிலிக்கு இதெல்லாம் பிடிக்காது. நான் சாப்பிட்டுக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். கெட்டுப்போனது என்று சொல்லியிருக்கலாம். கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த நான்கைந்து விநாடிகளை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பயத்தில் யோசிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். யோசித்தேன். கதவுக்கு உள்ளே என் மகள் இருந்தாள். வெளியே இந்த அம்மாள் இருந்தார். ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டேன்.

"எடுத்துக்குங்க" என்றேன்.

"டப்பாவைக் கழுவித் தரேன். நம்பரும் அட்ரஸும் கொடுங்க."

"டப்பா வேண்டாம்."

"அது எப்படிம்மா? இன்னொருத்தர் வீட்டுச் சாமானு. வெறும் டப்பாவாவும் தரமாட்டேன், பாருங்க."

எண்ணையும் முகவரியையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. கிறீச்... கிறீச்.

அதற்குப் பின்னால்...

தப்... சர்ர்ர்.

நடைபாதையில் அவரைத் தவிர யாரும் இல்லை. சத்தம் வண்டியோடு சேர்ந்து திரும்பி, மறைந்தது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

மாலையில் கேக் வெட்டினோம். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். சீழின் ருசி மறந்துவிட்டது. நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் குமட்டுகிறது.

செவ்வாய்க்கிழமை நூம்பல் திரும்பினோம். காவ்யாவுக்கு எதுவும் ஆகவில்லை. டில்லிக்கும் இல்லை. வேம்புலி அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். பினாங்கிலிருந்து சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவராம். ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். துணி சுற்றித் தைத்திருந்தது. உள்ளே எங்கள் டப்பாவின் உருண்டை தெரிந்தது. கனமாக இருந்தது.

அன்று மாலைதான் செல்பேசியில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். தெரியாத எண்.

"ஆன்ட்டி, நான் மைதிலி. கண்ணம்மா மகள். அம்மா தவறிட்டாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருந்தாங்க. நீங்க போன அந்த வாரம், சனிக்கிழமை காலையில ஆறு நாப்பதுக்கு. உங்க டப்பாவைத் திருப்பித் தரணும்னு முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. சும்மா தரக் கூடாதுன்னு என்னமோ செஞ்சு போட்டு மூடி வச்சிருந்தாங்க. நான் திறக்கலை. அப்படியே மாமாகிட்ட கொடுத்து விட்டேன்."

அங்கே ஆறு நாற்பது என்றால் இங்கே என்ன நேரம் என்று கணக்குப் போட்டேன். இரண்டரை மணி நேரம் கழிக்க வேண்டும்.

நாலு பத்து.

ஆழ்ந்த அனுதாபங்கள் என்று அடித்தேன். பிறகு அடக்க முடியாமல் இன்னொன்றும் கேட்டேன். சனிக்கிழமை ஆச்சே, பாடையில் கோழி கட்டினீர்களா என்று.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"இங்க அதெல்லாம் யாரும் செய்யறதில்ல ஆன்ட்டி."

டப்பாவை நான் திறக்கவில்லை. மாமியாரைத் திறக்க விடவில்லை. பரணில் போட்டிருக்கிறேன். குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். கொடுப்பதற்கு இன்னொரு கண்ணம்மாவைத் தேட மாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்திருக்கிறேன். என் சத்தியத்தை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் காவ்யாவின் காலடியில்தான் படுக்கிறேன். அவளுடைய இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு.

நேற்று சனிக்கிழமை. விடியற்காலையில் விழிப்பு வந்தது. செல்பேசியைப் பார்த்தேன். நாலு பத்து. எங்கள் தெரு மண் தெரு. முந்தின இரவு மழையும் பெய்து சேறாகக் கிடந்தது. அதில் எந்தச் சக்கரமும் சத்தம் போடாது.

கிறீச்... கிறீச்...

எங்கள் வாசலில் வந்து நின்றது.